இரண்டு இருக்கைகளும் ஒரு லட்சம் பலூன்களும்

2024 ஆகஸ்ட் 22 இரவு, சிகாகோவின் யுனைடெட் சென்டர் அரங்கில் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளராகக் கமலா ஹாரிஸ் தன் ஏற்புரையை முடித்ததும் கூரையிலிருந்து ஒரு லட்சம் பலூன்கள் கொட்டின. இந்தியாவில் அப்போது மறுநாள் காலை. வேலைக்குக் கிளம்ப வேண்டிய நேரத்தில் தொலைக்காட்சியை அணைக்க மனம் வராமல் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் நானும் உண்டு. சென்னையில் பிறந்து, 19 வயதில் தனியாகக் கலிபோர்னியாவுக்குப் படிக்கப் போன சியாமளா கோபாலனின் மகள் அந்த மேடையில் நிற்கிறார். அநீதியைக் கண்டால் புலம்பிக்கொண்டு இருக்காதே, ஏதாவது செய் என்று சொல்லித் தன்னையும் தங்கையையும் அம்மா வளர்த்ததை நினைவுகூர்கிறார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அன்று முழுவதும் அந்த நிறைவு மனதை விட்டு அகலவில்லை.

பிறகு நவம்பர் 5 வந்தது. அதிபரை முறைப்படி தேர்ந்தெடுக்கும் தேர்வாளர் குழுவின் வாக்குகளில் டிரம்புக்கு 312, ஹாரிஸுக்கு 226. ஆகஸ்ட் மாதம் பூரித்துப்போனவர்கள் பலர் சோர்ந்துபோய், இதற்குத்தானா அவ்வளவு ஆரவாரம் என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் மாநாடு தரும் எழுச்சியின் பலனை அந்த ஆண்டின் நவம்பரில் தேடுவது தவறு என்று நினைக்கிறேன். அந்த எழுச்சிக்கு வேர் ஒன்று உண்டு. அரங்கின் உள்ளே உட்கார யாருக்கு இடம் கிடைத்தது, அந்த இடத்தை யார் போராடி வாங்கிக் கொடுத்தார்கள் என்பதில்தான் அந்த வேர் இருக்கிறது. 2024-இல் நாம் கண்ட காட்சியின் வேர், நாள் பிசகாமல் 60 ஆண்டுகளுக்கு முந்தைய இன்னொரு ஆகஸ்ட் 22-இல் போய் முடிகிறது. அதைத் தெரிந்துகொள்ளாமல் சிகாகோ இரவைப் புரிந்துகொள்ள முடியாது.

மாநாடு எதற்காக?

அமெரிக்கக் கட்சிகளின் தேசிய மாநாட்டை நாம் இங்கே பார்த்துப் பழகிய கட்சி மாநாட்டோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. இங்கே தொண்டர்கள் திரண்டு வந்து தலைவருக்கு பலம் காட்டுகிறார்கள். அங்கே மாநாட்டுக்கென்று முறைப்படியான வேலை ஒன்று இருக்கிறது: மாநிலங்களிலிருந்து வரும் பிரதிநிதிகள் வாக்களித்து அதிபர் வேட்பாளரையும் துணை அதிபர் வேட்பாளரையும் தேர்ந்தெடுப்பது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தத் தேர்வை நாடாளுமன்ற உறுப்பினர்கள் தங்களுக்குள் கூடிப் பேசி முடித்துவந்தார்கள். 1824 தேர்தலோடு அந்த வழக்கம் மதிப்பிழந்தது. 1831 செப்டம்பரில், ஃப்ரீமேசன்கள் என்ற ரகசியச் சகோதர அமைப்பை எதிர்த்துப் பிறந்த ஒரு சிறிய கட்சி பால்டிமோர் நகரில் பல மாநிலங்களின் பிரதிநிதிகளைக் கூட்டி வேட்பாளரை அறிவித்தது. அடுத்த ஆண்டே ஜனநாயகக் கட்சியும் அதே ஊரில் அப்படிக் கூடியது. ஒரு சில தலைவர்களின் கையிலிருந்த அதிகாரம் ஊர்களிலிருந்து வந்த பிரதிநிதிகளின் கைக்கு மாறியது அப்போதுதான்.

நூறு ஆண்டுகளுக்கு மேல் மாநாட்டில் என்ன முடிவு வரும் என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. 1924-இல் நியூயார்க்கில் கூடிய ஜனநாயகக் கட்சி 103 சுற்று வாக்களித்த பிறகே ஜான் டேவிஸ் என்பவரை வேட்பாளராக்கியது. இரண்டு வாரத்துக்கும் மேல் நீண்ட அந்த இழுபறியை நாடே வானொலியில் கேட்டது. ஒரு சுற்றுக்கு மேல் வாக்கெடுப்பு நடந்த கடைசி மாநாடு 1952-இல், ஜனநாயகக் கட்சியுடையது. அதற்குப் பிறகு, கட்சி வேட்பாளர் யார் என்று வாக்காளர்களே சொல்லும், மாநிலம் மாநிலமாக நடக்கும் முதற்கட்டத் தேர்தல்களின் கை மெல்ல ஓங்கியது. மாநாடு கூடுவதற்கு முன்பே வேட்பாளர் யார் என்பது தெரிந்துவிடுகிறது. 2024-இல் அந்த முறைமைகூட அரங்கில் நடக்கவில்லை. ஜூலை 21 அன்று அப்போதைய அதிபர் பைடன் போட்டியிலிருந்து விலகியதும், ஆகஸ்ட் முதல் வாரத்தில் பிரதிநிதிகள் இணையவழியாக வாக்களித்து முடித்துவிட்டார்கள். சிகாகோவில் மாநிலவாரியாக நடந்த வாக்களிப்பு வெறும் சடங்கு.

ஆகவே, இன்றைய மாநாடு கட்டியெழுப்பப்பட்ட நிகழ்ச்சி என்பதில் மறைக்க எதுவும் இல்லை. பிரதிநிதிகள் தூக்கிப் பிடிக்கும் அட்டைகள் கட்சி அச்சிட்டுத் தருபவை. எந்தப் பேச்சாளர் மேடை ஏறும்போது எந்த அட்டை உயர வேண்டும் என்பது முன்பே முடிவாகியிருக்கும். பேச்சுகளை எழுத ஆள் உண்டு, திருத்த ஆள் உண்டு, டெலிபிராம்ப்டரில் ஓட்ட ஆள் உண்டு. பெரிய தொலைக்காட்சி நிறுவனங்கள் ஒரு காலத்தில் தொடக்கம் முதல் முடிவு வரை ஒளிபரப்பியவை. இப்போது இரவில் ஒரு மணி நேர அளவுக்குச் சுருக்கிக்கொண்டன. அந்த நேரத்துக்குள் முக்கியமானவர் மேடை ஏறியாக வேண்டும் என்பதுதான் அமைப்பாளர்களின் பெரிய கவலை. 2024 மாநாட்டின் முதல் நாளில் நிகழ்ச்சிகள் நீண்டுகொண்டே போய், கிழக்குக் கடற்கரையில் நள்ளிரவை நெருங்கும் நேரத்தில்தான் பைடனால் பேச முடிந்தது. பாதுகாப்புச் செலவுக்கு மட்டும் சிகாகோவுக்கும், குடியரசுக் கட்சி கூடிய மில்வாக்கிக்கும் தலா 75 மில்லியன் டாலரை மத்திய அரசு ஒதுக்கியது.

ஆனால் இவ்வளவு ஏற்பாட்டுக்கு நடுவிலும் யாராலும் எழுதித்தர முடியாத கணங்கள் வந்துவிடுகின்றன. துணை அதிபர் வேட்பாளர் டிம் வால்ஸ் பேசிக்கொண்டிருந்தபோது, அரங்கில் உட்கார்ந்திருந்த அவருடைய பதின்ம வயது மகன் எழுந்து நின்று, கண்ணீர் வழிய, மேடையைச் சுட்டிக்காட்டி, அது என் அப்பா என்றான். பார்த்தவர் யாருக்கும் அதற்கு விளக்கம் தேவைப்படவில்லை. மாநிலவாரி வாக்களிப்பிலும் எனக்கு அப்படியொரு ஈர்ப்பு உண்டு. ஒவ்வொரு மாநிலமாக ஒலிபெருக்கி முன்னே வந்து, தன் ஊர்ப் பெருமையை இரண்டு வரி சொல்லி, தன் வாக்குகளை அறிவிக்கும். ஆசிரியர்கள், தொழிற்சங்கக்காரர்கள், ஓய்வு பெற்றவர்கள், கல்லூரி மாணவர்கள் என்று எத்தனையோ பேர் அந்த வரிசைகளில் உட்கார்ந்திருப்பார்கள். நாட்டின் முகம் இதுதான் என்று ஒரு கட்சி காட்டிக்கொள்ளும் இடம் அது. அந்த முகத்தில் யார் இல்லை என்று கேட்கத் தொடங்கினால்தான் கதை ஆரம்பமாகிறது.

அட்லாண்டிக் சிட்டி, 1964

1964-இல் மிசிசிப்பி மாநிலத்தின் மக்கள்தொகையில் ஐந்தில் இரண்டு பங்கினர் கறுப்பின மக்கள். வாக்களிக்கும் வயதிலிருந்த கறுப்பினத்தவரில் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தவர்கள் 7 சதவீதம்கூட இல்லை. எழுதப் படிக்கத் தெரியுமா என்று சோதிப்பதாகச் சொல்லி மாநில அரசியல் சட்டத்தின் ஏதாவது ஒரு பிரிவுக்கு விளக்கம் எழுதச் சொல்வார்கள். விடை சரியா தவறா என்பதைப் பதிவாளரே முடிவு செய்வார். அதையும் மீறிப் போனவர்களுக்கு வேலை போகும், வீடு போகும், உயிரும் போகலாம். அந்த மாநிலத்தின் ஜனநாயகக் கட்சி, வெள்ளையர்களை மட்டுமே கொண்ட பிரதிநிதிகள் குழுவைத் தேசிய மாநாட்டுக்கு அனுப்பிவந்தது.

அதற்குப் போட்டியாக, மிசிசிப்பி சுதந்திர ஜனநாயகக் கட்சி என்ற பெயரில் கறுப்பினத்தவரின் குடிமை உரிமைகளுக்கான போராளிகள் ஒரு கட்சியைக் கட்டினார்கள். யார் வேண்டுமானாலும் சேரலாம் என்பதுதான் அதன் முதல் விதி. கட்சி விதிகளில் சொன்னபடியே கூட்டங்கள் நடத்தி, முறைப்படி 68 பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்து, அந்த ஆண்டு மாநாடு நடந்த நியூஜெர்சியின் அட்லாண்டிக் சிட்டிக்குப் பஸ்ஸில் அனுப்பினார்கள். மிசிசிப்பியின் உண்மையான பிரதிநிதிகள் நாங்கள்தான், எங்களை உட்கார வையுங்கள் என்பது அவர்கள் கோரிக்கை. யாருடைய தேர்வு செல்லும் என்று விசாரிக்க, மாநாட்டில் தகுதிச் சான்றுக் குழு என்று ஒன்று உண்டு. 1964 ஆகஸ்ட் 22 அன்று அந்தக் குழுவின் முன்னால் சாட்சி சொல்ல வந்தவர் ஃபேனி லூ ஹேமர்.

அவர் 1917-இல் பிறந்தவர். 20 பிள்ளைகளில் கடைசி. ஆறு வயதில் பருத்தி எடுக்கத் தொடங்கியவர். சன்ஃபிளவர் கவுண்டியில் (நம் மாவட்டம் போன்ற பிரிவு) ஒரு வெள்ளைக்காரர் பண்ணையில் 18 ஆண்டுகள் விளைச்சலில் பங்குக்குப் பாடுபட்டு, வேலையாட்களின் நேரக்கணக்கையும் பார்த்துவந்தவர். தனக்கு வாக்களிக்கும் உரிமை இருக்கிறது என்பதே 44 வயதில்தான் அவருக்குத் தெரியவந்தது.

சாட்சியத்தை அவர் தொடங்கிய விதத்தை நான் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன். தன் பெயரைச் சொன்னார். அடுத்ததாக, ரூல்வில் என்ற ஊரில் தான் குடியிருக்கும் வீட்டின் எண்ணையும் தெருப் பெயரையும் சொன்னார். அது எவ்வளவு பெரிய துணிவு என்பது அடுத்து அவர் சொன்னவற்றைக் கேட்டால் தெரியும். 1962 ஆகஸ்ட் 31 அன்று 18 பேர் 26 மைல் பயணம் செய்து இண்டியனோலா நீதிமன்றத்துக்கு வாக்காளராகப் பதிவு செய்யப் போனார்கள். திரும்பும் வழியில் போலீஸ் பஸ்ஸை மறித்தது. பஸ்ஸின் நிறம் சரியில்லை என்று காரணம் சொல்லி ஓட்டுநருக்கு அபராதம் போட்டது. ஊர் திரும்பியதும் பண்ணை முதலாளி, விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொள், இல்லையென்றால் வெளியேறு என்றார். உங்களுக்காக நான் பதிவு செய்யப் போகவில்லை, எனக்காகப் போனேன் என்று பதில் சொன்ன ஹேமர் அன்றிரவே வெளியேற வேண்டியதாயிற்று. பத்து நாள் கழித்து, அவரைக் குறிவைத்து, அவருக்கு இடம் கொடுத்த வீட்டின் மேல் 16 குண்டுகள் பாய்ந்தன.

1963 ஜூன் மாதம், வாக்காளர் பயிற்சி முகாம் ஒன்றிலிருந்து திரும்பும்போது வினோனா என்ற ஊரில் கைது செய்தார்கள். சிறையில் கைதிகள் இருவரைக் கொண்டே, கை ஓயும் வரை மாற்றி மாற்றி அவரை அடிக்க வைத்தார்கள். அதையும் அவர் அந்தக் குழுவின் முன்னால், தொலைக்காட்சிக் கேமராக்களின் முன்னால், கோவையாகச் சொன்னார். முதல்தரக் குடிமக்களாக வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும் என்றார். எங்களை இந்த மாநாட்டில் உட்கார வைக்காவிட்டால் அமெரிக்காவையே நான் கேள்வி கேட்கிறேன் என்றார். மனிதராக வாழ ஆசைப்பட்டதற்காகத் தினம் தினம் கொலை மிரட்டல் வருகிறது, தொலைபேசியை எடுத்துக் கீழே வைத்துவிட்டுத் தூங்க வேண்டியிருக்கிறது, சுதந்திரர்களின் நாடு என்கிற அமெரிக்கா இதுதானா என்று கேட்டார். கையில் எழுதிவைத்த தாள் எதுவும் இல்லை.

அதிபர் லிண்டன் ஜான்சன் பயந்துபோனார். தென்மாநிலங்களின் வெள்ளையர் வாக்கு கைவிட்டுப் போய்விடும் என்ற பயம். சாட்சியம் நேரடியாக ஒளிபரப்பாகிக்கொண்டிருக்கும்போதே வெள்ளை மாளிகையில் திடீரென்று செய்தியாளர்களைக் கூட்டினார். கேமராக்கள் அங்கே திரும்பின. அவர் சொன்னதில் செய்தி எதுவும் இல்லை. ஆனால் அந்த உத்தி பலிக்கவில்லை. அன்று இரவு தொலைக்காட்சி நிறுவனங்கள் ஹேமரின் சாட்சியத்தை அதிகம் பேர் பார்க்கும் நேரத்தில் ஒளிபரப்பின. பகலில் பார்த்திருக்கக்கூடியவர்களைவிட அதிகம் பேர் பார்த்தார்கள்.

இறுதியில் கட்சி ஒரு சமரசம் சொன்னது: உங்களுக்கு இரண்டு இருக்கைகள், அதில் யார் உட்கார வேண்டும் என்பதையும் நாங்களே சொல்வோம், மற்றவர்கள் விருந்தினராக இருக்கலாம். அந்த இருவரில் ஹேமர் பெயர் இல்லை. இதை ஏற்கச் செய்யும் பொறுப்பைச் சுமந்தவர் செனட்டர் ஹியூபர்ட் ஹம்ப்ரி. 1948 மாநாட்டில் குடிமை உரிமைகளுக்காக முழங்கி, தென்மாநிலப் பிரதிநிதிகளில் ஒரு பகுதியினரை வெளிநடப்பு செய்ய வைத்த அதே ஹம்ப்ரிதான். துணை அதிபர் பதவி கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அவருக்கு அன்று இருந்த நெருக்கடி எனக்குப் புரிகிறது. ஆனாலும் அவர் செய்தது மன்னிக்கத்தக்கதாக எனக்குத் தோன்றவில்லை. இரண்டு இருக்கைக்காக நாங்கள் இவ்வளவு தூரம் வரவில்லை என்றார் ஹேமர். சுதந்திர ஜனநாயகக் கட்சி சமரசத்தை நிராகரித்தது. பிற மாநில நண்பர்களிடம் இரவல் வாங்கிய அனுமதிச் சீட்டுகளோடு அரங்கினுள் போய், வெள்ளையர் குழு விட்டுச்சென்ற மிசிசிப்பி வரிசையில் உட்கார்ந்தார்கள். மறுநாள் போனபோது அங்கே நாற்காலிகளே இல்லை. நின்றபடி பாடினார்கள்.

விதி மாறியது

அன்றைய கணக்கில் அது தோல்வி. ஆனால் அந்த மாநாட்டிலேயே கட்சி ஒரு வாக்குறுதி கொடுக்க வேண்டிவந்தது: இனப் பாகுபாட்டின் அடிப்படையில் தேர்ந்தெடுக்கப்பட்ட எந்தப் பிரதிநிதிகள் குழுவும் 1968 முதல் உட்கார முடியாது. 1968-இல் சிகாகோ மாநாட்டில் கறுப்பரும் வெள்ளையரும் கலந்த மிசிசிப்பி குழு இடம்பெற்றது. அதில் ஹேமர் தன் இருக்கையை நோக்கி நடந்தபோது அரங்கு எழுந்து நின்று கை தட்டியது. இடையில் 1965 ஆகஸ்ட் 6 அன்று வாக்குரிமைச் சட்டம் கையெழுத்தாகியிருந்தது. மிசிசிப்பியில் வாக்களிக்கும் வயதிலிருந்த கறுப்பினத்தவரில் பதிவு செய்தவர்களின் பங்கு 1967-க்குள் 60 சதவீதத்தை நெருங்கியது.

அதே 1968 சிகாகோ மாநாட்டில், வியட்நாம் போரை எதிர்த்துத் திரண்டவர்கள் மேல் தெருவில் போலீஸ் தடியடி. உள்ளே, ஒரு முதற்கட்டத் தேர்தலில்கூட நிற்காத ஹம்ப்ரி வேட்பாளரானார். கோபம் கட்சியைப் பிளக்கப் பார்த்தது. பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கும் முறையையே மாற்ற மெக்கவர்ன் – ஃபிரேசர் ஆணையம் அமைந்தது. கூட்டங்களை முன்கூட்டி அறிவிக்க வேண்டும், தலைவர்கள் தங்கள் ஆட்களை மூடிய அறையில் நியமிக்கக் கூடாது, பெண்களுக்கும் இளைஞர்களுக்கும் சிறுபான்மையினருக்கும் மக்கள்தொகைக்கு ஏற்ற இடம் வேண்டும் என்றெல்லாம் விதிகள் வந்தன. 1968-இல் பிரதிநிதிகளில் 13 சதவீதமாக இருந்த பெண்கள் 1972-இல் 40 சதவீதம் ஆனார்கள். அந்த மாநாட்டில்தான் ஷெர்லி சிஷோம், பெரிய கட்சி ஒன்றின் அதிபர் வேட்பாளர் ஆவதற்குப் போட்டியிட்ட முதல் கறுப்பினத்தவராக, ஏறத்தாழ 152 பிரதிநிதி வாக்குகள் பெற்றார்.

1976-இல் நியூயார்க் மாநாட்டின் முதன்மை உரையை நிகழ்த்திய கறுப்பின நாடாளுமன்ற உறுப்பினர் பார்பரா ஜோர்டன், 144 ஆண்டுகளுக்கு முன் இந்தக் கட்சி முதல் மாநாடு கூடியதை எடுத்துச் சொல்லி, இன்றிரவு ஏதோ வித்தியாசமாக இருக்கிறது, பார்பரா ஜோர்டனாகிய நான் இங்கே பேசிக்கொண்டிருக்கிறேன் என்றார். அரங்கு அதிர்ந்தது. அந்தக் கைதட்டலில் ஒரு பங்கு அட்லாண்டிக் சிட்டியில் நின்றுகொண்டிருந்தவர்களுக்கும் உரியது.

1988-இல், வேட்பாளர் போட்டியில் இரண்டாவதாக வந்த கறுப்பினத் தலைவர் ஜெஸ்ஸி ஜாக்சன் அட்லாண்டா மாநாட்டில் பேசியதைப் பலர் நினைவில் வைத்திருக்கிறார்கள். அவர் அணி பேரம் பேசிப் பெற்ற விதி மாற்றங்களைப் பேசுபவர் குறைவு. ஒரு மாநிலத்தில் வென்றவருக்கே கூடுதல் பிரதிநிதிகளைக் கொட்டிக்கொடுக்கும் வழக்கம் ஒழிந்து, பெற்ற வாக்குகளின் விகிதப்படி பிரதிநிதிகளைப் பங்கிடும் முறை உறுதியானது. 20 ஆண்டுகள் கழித்து கலிபோர்னியா, நியூயார்க் போன்ற பெரிய மாநிலங்களை ஹிலாரி கிளிண்டனிடம் இழந்தும் ஒபாமா பிரதிநிதிகள் எண்ணிக்கையில் முந்தியதற்கு இந்த விதி பெரிய துணை. 2000 லாஸ் ஏஞ்சலஸ் மாநாட்டில் அரங்கின் தரைத்தளத்துக்குள் நுழைய அனுமதிச் சீட்டு கிடைக்காமல் நின்றவர் இதே ஒபாமாதான். 2004-இல் பாஸ்டனில் முதன்மை உரை. 2008-இல் டென்வரில் ஏறத்தாழ 84,000 பேர் முன்னால் ஏற்புரை.

2020 மாநாட்டுக்குத் தலைவராக இருந்தவர் மிசிசிப்பி நாடாளுமன்ற உறுப்பினர் பென்னி தாம்சன். ஹேமர் வாழ்ந்த ஊரான ரூல்வில் அவருடைய தொகுதியில்தான் இருக்கிறது. அந்த மாநாட்டில் துணை அதிபர் வேட்பாளராகப் பேசிய கமலா ஹாரிஸ், தனக்கு வழி திறந்தவர்கள் என்று சொன்ன பெண்களின் வரிசையில் ஹேமரும் சிஷோமும் இருந்தார்கள். அதே உரையில் அவர் தன் சித்திகளையும் குறிப்பிட்டபோது நம்மவர்கள் மகிழ்ந்துபோனோம். மன்னார்குடி பக்கத்துத் துளசேந்திரபுரத்தில் வேர் கொண்ட ஒரு குடும்பத்தின் மகளுக்கு அந்த மேடை கிடைத்ததற்குப் பின்னால், மிசிசிப்பியின் பருத்திக் காட்டிலிருந்து வந்த ஒரு பெண்மணியின் பிடிவாதமும் இருக்கிறது. துளசேந்திரபுரம் பதாகை வைத்தது சரி. ஹேமரின் பெயரும் அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

தோற்றவர்கள் விட்டுச்சென்றது

மாநாட்டு எழுச்சி வாக்காக மாறும் என்று நம்பி ஏமாந்தவர்கள் ஏராளம். 1988 ஜூலையில் ஜனநாயகக் கட்சி மாநாடு முடிந்த கையோடு எடுத்த கேலப் கருத்துக்கணிப்பில் அதன் வேட்பாளர் மைக்கேல் டுகாகிஸ் 17 புள்ளிகள் முன்னணியில் இருந்தார். நவம்பரில் 40 மாநிலங்களை இழந்தார். 2024 மாநாட்டுக்குப் பிறகு ஹாரிஸுக்கு அப்படிப் பெரிய ஏற்றம்கூடக் கிடைக்கவில்லை. மக்கள் தங்கள் தங்கள் பக்கத்தில் ஏற்கெனவே நின்றுவிட்டார்கள். விலைவாசியும் வாடகையும் உறுத்திக்கொண்டிருந்த வீட்டில் ஒரு நல்ல பேச்சு எத்தனை வாரம் தாங்கும்?

ஆனால் 1896-ஐப் பாருங்கள். அதே சிகாகோ. தங்கத்தை மட்டுமே நாணயத்துக்கு அடிப்படையாக வைத்திருந்ததால் கடனில் மூழ்கிய விவசாயிகளுக்காக, 36 வயது வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன் எழுந்து, மனிதகுலத்தைத் தங்கச் சிலுவையில் அறையாதீர்கள் என்று முழங்கினார். பிரதிநிதிகள் அவரைத் தோளில் தூக்கிச் சுமந்தார்கள். ஐந்தாவது சுற்றில் வேட்பாளரும் ஆக்கினார்கள். அந்தத் தேர்தலில் தோற்றார். பின்னர் மேலும் இரண்டு முறை நின்று தோற்றார். ஆயினும் அவரும் அவரைச் சுற்றியிருந்தவர்களும் விடாமல் கேட்டுவந்த வருமான வரியும், செனட்டர்களை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் முறையும் 1913-இல் அரசியல் சட்டத் திருத்தங்களாகவே வந்தன.

குடியரசுக் கட்சிக்கும் இது பொருந்தும். 1976 கன்சாஸ் சிட்டி மாநாட்டில் பிரதிநிதிகளின் வாக்குகள்: அப்போதைய அதிபர் ஃபோர்டு 1,187, அவரை எதிர்த்து நின்ற ரீகன் 1,070. வென்ற ஃபோர்டு, தோற்ற ரீகனை மேடைக்கு அழைத்தார். எழுதிவைத்த உரை எதுவும் இல்லாமல் ரீகன் சில நிமிடங்கள் பேசினார். தவறான ஆளைத் தேர்ந்தெடுத்துவிட்டோமோ என்று அரங்கில் பலருக்கும் தோன்றியதாக அன்று அங்கிருந்தவர்கள் பின்னர் சொன்னார்கள். நான்கு ஆண்டுகளில் அந்தக் கட்சி அவருடையதானது. 2024 ஜூலையில் மில்வாக்கியில், துப்பாக்கிச்சூட்டில் உயிர் தப்பிய டிரம்ப் காதில் கட்டோடு வந்தபோது, தங்கள் காதிலும் வெள்ளைத் துணி ஒட்டிக்கொண்டு கண்கலங்கி நின்ற பிரதிநிதிகளைப் பார்த்தோம். அவர்களுடைய அரசியல் எனக்கு ஏற்புடையது இல்லை. அவர்கள் நெகிழ்ந்தது உண்மையானது என்பதில் எனக்குச் சந்தேகமும் இல்லை. அந்த நெகிழ்ச்சி அவர்களை வீடு வீடாகக் கதவு தட்ட வைத்தது.

வெளியே உட்கார்ந்திருந்தவர்கள்

2024 சிகாகோவைப் பற்றி எழுதும்போது சொல்லாமல் விடக் கூடாத ஒன்று இருக்கிறது. காசா போரை எதிர்த்து, முதற்கட்டத் தேர்தல்களில் யாருக்கும் ஆதரவில்லை என்று வாக்களித்தவர்களின் சார்பில் சுமார் 30 பிரதிநிதிகள் அந்த மாநாட்டுக்கு வந்திருந்தார்கள். பாலஸ்தீன அமெரிக்கர் ஒருவர் மேடையில் சில நிமிடங்கள் பேச அனுமதி கேட்டார்கள். ஜார்ஜியா மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் ரூவா ரோம்மன் பேசத் தயாராக இருந்தார். ஹாரிஸை ஆதரித்தே பேசுவதாக இருந்தும் கட்சி மறுத்துவிட்டது. ஆகஸ்ட் 21 இரவு அந்தப் பிரதிநிதிகள் யுனைடெட் சென்டருக்கு வெளியே தரையில் அமர்ந்தார்கள். விடிந்தபோதும் அங்கேயே இருந்தார்கள். விடிந்தது ஆகஸ்ட் 22. மேடையில் ஹேமரின் பெயரைச் சொல்லிப் பெருமைப்பட்ட கட்சி, வாசலில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஒலிபெருக்கியைக் கொடுக்கவில்லை. ஏற்புரையைக் கேட்டு நெகிழ்ந்த அதே மனதோடு சொல்கிறேன்: அது தவறு. அந்த முடிவை எடுத்தவர்களுக்கும் 1964-இல் இரண்டு இருக்கைகளை நீட்டியவர்களுக்கும் தேர்தல் பற்றிய பயம் ஒன்றுதான்.

அமெரிக்கக் குடியுரிமை பெற்ற தமிழர்களில் அந்த இரவு யாருக்காவது ஏதாவது செய்யத் தோன்றியிருந்தால், வழி இருக்கிறது. ஒவ்வொரு மாநிலக் கட்சியும் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கும் திட்டத்தைத் தேர்தல் ஆண்டுக்கு முன்பே எழுத்தில் வெளியிட வேண்டும். எந்தத் தேதிக்குள் மனு கொடுக்க வேண்டும், எத்தனை கையெழுத்து வேண்டும், எந்த ஊரில் எப்போது கூட்டம் என்பதெல்லாம் அதில் இருக்கும். சில மாநிலங்களில் வாக்குச்சாவடி அளவில் நடக்கும் சிறு கூட்டத்தில் தொடங்கி, கவுண்டி, தொகுதி, மாநிலம் என்று படிப்படியாக மேலே போக வேண்டும். முதல் படியில் வருகிறவர்கள் பெரும்பாலும் கொஞ்சம் பேர்தான், பத்து நண்பர்களோடு போனாலே குரல் எடுபடும். ஜனநாயகக் கட்சியில் ஒவ்வொரு மாநிலக் குழுவிலும் ஆணும் பெண்ணும் சம அளவில் இருக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. பயணச் செலவையும் விடுதிச் செலவையும் பிரதிநிதியே பார்த்துக்கொள்ள வேண்டும். மாநாடு நடக்கும் வாரத்தில் அது சில ஆயிரம் டாலர்களைத் தாண்டிவிடும். வசதி இல்லாதவர்களுக்கு இது பெரிய தடை. பலர் அக்கம்பக்கத்தாரிடமும் தொழிற்சங்கத்திடமும் நிதி திரட்டித்தான் போகிறார்கள்.